ஒட்டகம் உயிரோடுதான் கப்பலேற வேண்டுமா?

ஜித்தாவில் கால்நடை இறக்குமதியாளர்களுக்குத் துறைமுகக் காகிதங்கள் தயாரித்துக் கொடுப்பது என் வேலை. சவூதிக்காரர்கள் சொந்த ஒட்டகத்தை அறுத்துச் சாப்பிடுகிறார்கள் என்றுதான் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் பந்தயம், அழகுப்போட்டி, பால் என்று உள்ளூர் ஒட்டகத்துக்கு வேறு மவுசு இருக்கிறது. கசாப்புக்கு வருவதில் நிறைய, செங்கடலுக்கு அக்கரையில் இருந்து வருகிறது. சோமாலிலாந்தின் பெர்பெரா, சூடானின் சுவாகின், அப்புறம் ஜிபூட்டி.

வருவது பெரும்பாலும் ஆண் ஒட்டகங்கள். பெண் ஒட்டகத்தைப் பாலுக்காக வைத்துக்கொள்வார்கள். சினைக்காலம் 13 மாதம், ஈற்றுக்கு ஈற்று சுமார் 2 வருடம். விலை ஏறிவிட்டது என்று மந்தையை அவசரமாகப் பெருக்க முடியாது. மேய்ப்பவரின் பல வருட உழைப்பு ஒரே விற்பனையில்தான் காசாகிறது.

அந்த ஒரு விற்பனையும் ஒரு தடையில் நின்றுவிடும் என்பதுதான் என்னை உறுத்துகிறது. 2000இல் சவூதியின் ஜிசானிலும் பக்கத்து ஏமனிலும், கால்நடையிலிருந்து மனிதருக்கும் தொற்றும் வைரஸ் நோயான ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் பரவியது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே அதுவே முதல் முறை. சோமாலியா, ஜிபூட்டி போன்ற ஆப்பிரிக்கக் கொம்பு நாடுகளின் கால்நடைக்கு சவூதி கதவைச் சாத்தியது, திறந்தது 2009இல். ஒன்பது வருடம்! நோய்க்கு அஞ்சியதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெட்டிய கறியைக் குளிரில் முறையாகப் பதமாக்கும்போது அதில் ஊறும் அமிலம் அந்த வைரஸை அழித்துவிடுகிறது. ஆபத்து உயிருள்ள விலங்கில்தான் அதிகம். அதைத்தான் நாம் கப்பலேற்றுகிறோம்.

கடல் பயணமும் சாதாரணமில்லை. 2022 ஜூனில் சுவாகினில் ஒரு கப்பல் 15,000க்கும் மேற்பட்ட ஆடுகளோடு மூழ்கியது. அது தாங்கக்கூடியதைவிட மிக அதிகமாக ஏற்றியிருந்தார்கள். அடுத்த ஏப்ரலில் சூடானில் போர் வெடித்தது. டார்ஃபூரும் கொர்டொஃபானும் ஒட்டகச் சீமைகள். போர்க்களமும் அவையே.

அறுத்துக் குளிரூட்டி அனுப்பினால் தோல், குடல், கசாப்புக் கூலி எல்லாம் அங்கேயே தங்கும். இது நடக்காத காரியம் இல்லை. எத்தியோப்பியாவின் மோஜோ கசாப்புக்கூடங்களில் இருந்து ஆட்டுக்கறி விமானத்தில் ஜித்தா வருகிறது. ஆனால் ஒட்டகம் பெரிய உடல். குளிரறை, மின்சாரம், சாலை எல்லாமே அதிகம் வேண்டும். அவை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 2009 முதல் 2013 வரை அங்கே சுமார் 1,60,000 காட்டு ஒட்டகங்களைக் கொன்றார்கள். பெரும்பாலானவற்றை ஹெலிகாப்டரில் இருந்து சுட்டு, பாலைவனத்திலேயே விட்டுவிட்டார்கள். லாரியில் ஏற்றிக் கொண்டுவரும் செலவு கட்டுப்படியாகவில்லை. அவ்வளவு கறி மண்ணோடு போனதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

எனக்குத் தெரிந்த இறக்குமதியாளர் ஒருவரிடம் இதை எடுத்துச் சொன்னேன். “பெட்டியில் இருப்பது ஹாஷிதான் என்று வாங்குகிறவன் எப்படி நம்புவான்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இளம் ஒட்டகமான ஹாஷிக்குத்தான் இங்கே கிராக்கி. சந்தையில் திமிலைத் தொட்டு, பல்லைப் பார்த்து வாங்குகிறார்கள். சரி, அந்தப் பல்லை பெர்பெராவில் ஒரு கால்நடை மருத்துவர் பார்த்து, வயதை எழுதி முத்திரை போடட்டும். என் மேசைக்கு வரும் காகிதங்களோடு அதுவும் ஒன்றாக வரட்டும். அவர் யோசிக்கிறேன் என்றிருக்கிறார். அடுத்த வாரம் மறுபடியும் கேட்பேன்.