உப்பு ஏரி நடுவே நல்ல தண்ணீர்

சிராக்கியூஸ் ஊரைத் தாண்டியதும் சாலை நேராக ஏரிக்குள் இறங்கிவிடுகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் பெரிய உப்பு ஏரிக்கு நடுவே சுமார் 11 கிலோமீட்டருக்குக் கரை போட்டு ஆன்டிலோப் தீவுக்கு வழி செய்திருக்கிறார்கள். இருபக்கமும் தண்ணீர் இருக்கும் என்று பிள்ளைகளிடம் சொல்லித்தான் கூட்டிப் போனேன். ஆனால் வெகுதூரத்துக்கு வெள்ளை வெளேரென்று காய்ந்த தரைதான். ஏரிக்கு வர வேண்டிய ஆற்றுத் தண்ணீர் வயலுக்கும் ஊருக்கும் போய்விடுகிறது. 2022-இல் ஏரி இதுவரை இல்லாத அளவுக்கு இறங்கிவிட்டது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

தீவுக்குள் நுழைந்து கொஞ்ச தூரத்திலேயே சாலையோரம் ஒரு காட்டெருமை, பைசன் என்கிறார்களே அது. காரை நிறுத்தினோம், யாரும் இறங்கவில்லை. ஜூன் மாதம் என்பதால் குளிர்கால ரோமம் உதிர்ந்துகொண்டிருந்தது. தோளிலிருந்து பழைய கம்பளி மாதிரி கொத்துக் கொத்தாகத் தொங்கியது. திடீரென்று முட்டிபோட்டுப் படுத்து, நாலு காலையும் ஆட்டி மண்ணில் புரண்டது. எழுந்து உடம்பை உதறியதும் கார் கண்ணாடி வரை புழுதி. சின்னவள் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமெரிக்காவில் இந்த இனமே அழிந்துபோகும் நிலையில் இருந்தபோது, 1893-இல் இங்கே 12 காட்டெருமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன. வருஷா வருஷம் இலையுதிர் காலத்தில் குதிரைகளில் போய் மந்தையை ஓட்டிவந்து, தடுப்பூசி போட்டு, தீவின் புல் தாங்காத அளவுக்கு இருப்பவற்றை விற்றுவிடுகிறார்கள். இங்கே ஆன்டிலோப் என்று சொல்லப்பட்டு, தீவுக்குப் பெயர் தந்த கவைக்கொம்பு மானோ இடையில் அற்றே போய், 1993-இல்தான் திரும்ப வந்தது. எங்களுக்கு இரண்டு கண்ணில் பட்டன, அதுவும் தூரத்தில்.

அப்புறம் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே போனால் ஃபீல்டிங் கார் பண்ணை. அந்த நாளில் என் மனதில் நின்றது இதுதான். 1848-இல், மனைவியை இழந்த ஃபீல்டிங் கார், மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் சபை மாடுகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளைகளோடு வந்து கட்டிய வீடு. 1981 வரை அதில் ஆள் குடியிருந்திருக்கிறார்கள்.

உள்ளே நுழைந்ததும் வெயில் சட்டென்று விட்டுப்போனது. கூட வந்திருந்த என் அம்மா சுவரைத் தடவிப் பார்த்தார்.

"இது பச்சைச் செங்கல் கண்ணு. நம்ம பழைய வீடும் இப்படித்தான. சுட்டது இல்ல, வெயில்ல காயவெச்சது. கூர மட்டும் ஒழுகாம இருந்தா எத்தன வருசமானாலும் நிக்கும்."

"நூத்தி எழுவது வருஷத்துக்கு மேல ஆச்சு அம்மாயி!" என்றான் பெரியவன்.

ஆட்டுக்கு ரோமம் கத்தரித்த பெரிய கொட்டகையையும் பார்த்தோம். ஆனால் அம்மா போய் நின்றது ஊற்றுக்கு மேல் கட்டிய சின்ன அறையில். பாலும் வெண்ணெயும் கெடாமல் வைக்கக் குளிர்ந்த ஊற்று நீர்தான் அவர்களுக்குக் குளிர்சாதனப் பெட்டி.

"சுத்தியும் உப்பு, இங்க மட்டும் எப்படிம்மா நல்ல தண்ணி?" என்று சின்னவள் கேட்டாள். மலையில் பெய்யும் மழையும் பனியும் பாறைக்குள் இறங்கி அடிவாரத்தில் ஊறி வருவதைச் சொன்னேன். மாடு, ஆடு, மனுஷர், காட்டெருமை என்று எல்லாரும் இங்கே பிழைத்தது அந்த ஊற்றுகளால்தான்.

"மலையில எங்க பச்சையா தெரியுதோ, அங்கெல்லாம் ஊத்து இருக்கும் பாரு கண்ணு" என்றார் அம்மா. திரும்பும் வழியில் பாட்டியும் பேத்தியும் ஜன்னலோரம் உட்கார்ந்து, காய்ந்த சரிவில் பச்சைத் திட்டுகளை எண்ணிக்கொண்டே வந்தார்கள்.