கல்மண்டபம் வழியாக

தண்டையார்பேட்டையிலிருந்து ராயபுரம் இராயப்பர் (புனித பேதுரு) கோயிலுக்குக் கல்மண்டபம் வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாம். எட்டு வருஷமாக நான் சுற்றிக்கொண்டுதான் போவேன். கல்மண்டபத்தில் அண்ணன் வீடு இருக்கிறது. அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்று, இரண்டு வளையலுக்காகப் பேச்சு நின்றுபோனது. யார் மேல் தப்பு என்று எழுத மாட்டேன். எழுதினால் என் பக்க நியாயம்தான் வரும்.

ஜூன் 29, இராயப்பர் சின்னப்பர் (பவுல்) திருநாள். காலைப் பூசைக்கே போய்விட்டேன். குருகுல வம்சத்துப் படகோட்டிகள் 1829இல் கட்டிய கோயில் இது. ராயபுரம் என்ற பேரே இராயப்பரால் வந்தது என்பார்கள். கடலோரத்து ஜனங்களுக்கு வலை வீசிய ஒருவர் பாதுகாவலர். பொருத்தம்தான்.

“ஏழு தடவை மன்னித்தால் போதுமா?” என்று ஆண்டவர் இயேசுவிடம் கணக்குக் கேட்டவரும் இதே இராயப்பர்தான். எழுபது தடவை ஏழு முறை என்று பதில் வந்தது. அப்புறம், கரிநெருப்பில் குளிர்காய்ந்த இரவில், ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை சொன்னார். ஆண்டவர் உயிர்த்த பிறகு ஏரிக்கரையில் மறுபடியும் கரிநெருப்பு, அதன் மேல் மீன். யோவான் தன் நற்செய்தியில் இரண்டையும் குறித்து வைத்திருக்கிறார். அங்கே ஆண்டவர் பழைய கதையைக் கிளறவில்லை. முதலில் சாப்பிடக் கூப்பிட்டார். “என்மேல் அன்பாயிருக்கிறாயா?” என்று மூன்று முறை கேட்டதெல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம்தான்.

பூசையில், ஆண்டவர் கற்பித்த செபத்தில், “எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் பொறுப்பது போல” என்று எல்லோரும் சொல்லும்போது எனக்கு அந்த ‘போல’வில் நாக்கு நின்றுவிட்டது. நான் பொறுக்கிற அளவுக்குத்தான் என்னையும் பொறுக்கச் சொல்லிக் கேட்கிறேன். எட்டு வருஷமாகத் தினமும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட மாதிரி.

திரும்பும்போது கால் கல்மண்டபம் பக்கம் போனது. வேண்டுமென்றுதான்.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இரண்டு வாரம். தெருவெல்லாம் மீன் வாசம். அண்ணி வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். கையில் அம்மாவின் வளையல், அதில் ஒரு செதில் ஒட்டியிருந்தது. பார்த்ததும் சுருக்கென்றது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

உள்ளேயிருந்து லுங்கியோடு அண்ணன் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“சாப்டியாம்மா?”

“இல்லண்ணா.”

செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணி சட்டியை என் பக்கமும் கொஞ்சம் நகர்த்தினார்.