கணக்குத் தாளும் காணிக்கைப் பையும்

வெளிநாட்டில் நான் புதிதாகப் போகத் தொடங்கிய சபையில், ஆராதனை முடிந்ததும் ஆண்டுக் கூட்டம் என்றார்கள். ஆளுக்கொரு தாள் கைக்கு வந்தது. மின்கட்டணம், கூரைப் பழுது என்று போய்க்கொண்டிருந்த பட்டியலின் நடுவில் போதகரின் சம்பளமும் அச்சாகியிருந்தது. போதாததற்கு, பின்வரிசைப் பாட்டி ஒருவர் எழுந்து, "பயணச் செலவு ஏன் இவ்வளவு?" என்று கேட்டுவிட்டார். வானத்திலிருந்து அக்கினி இறங்கப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். போதகர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடியே பதில் சொன்னார். பாட்டி உட்கார்ந்தார், தேநீர் வந்தது.

நம் சபைகளில் இப்படிக் கேட்டால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சங்கீதம் 105, 15ஆம் வசனம் பாயும்: அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே! அந்த ஒரே வசனத்தால் கணக்குப் புத்தகத்தையும் கட்டடக் கமிட்டியையும் சேர்த்துப் பூட்டியவர்களை எனக்குத் தெரியும். அன்றிரவு அந்தச் சங்கீதத்தைச் சற்று மேலிருந்து படித்தேன். அந்த அபிஷேகம் பெற்றவர்கள் யார் என்று 12, 13ஆம் வசனங்களிலேயே இருக்கிறது: கொஞ்சம் பேராய், பரதேசிகளாய், தேசம் விட்டுத் தேசம் அலைந்தவர்கள். கர்த்தர் கடிந்துகொண்டது ராஜாக்களை. விசா வரிசையில் நிற்கிறவர்களுக்குப் பொருந்தும் வசனத்தை மேடையில் நிற்கிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சாமர்த்தியம்தான்.

ஆதிச் சபை இதில் இன்னும் கறார். 1883இல் அச்சேறிய 'திதகே' என்னும் பழைய ஒழுங்குநூலின்படி, வந்து தங்கும் ஊழியக்காரருக்கு ஒரு நாள், அவசியமானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினாலோ, புறப்படும்போது பணம் கேட்டாலோ, அவர் கள்ளத் தீர்க்கதரிசி. வழிக்கு ரொட்டி மட்டும் கொடுத்தனுப்பலாம். 'உங்களுக்காகப் பாரத்தோடு ஜெபிக்கிறேன்' என்று வந்து, வாரக்கணக்கில் நம் படுக்கையறையில் தங்கி, காணிக்கை உறையோடு விமானம் ஏறுகிறவர்களுக்கு இதை வாசித்துக் காட்ட எனக்கு வெகுநாள் ஆசை.

இனி இதுதான் என் சபை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு காய்ச்சலில் படுத்தேன். போதகரிடமிருந்து அன்பான மின்னஞ்சல் வந்தது: வியாழக்கிழமை பிற்பகல் சந்திக்க வசதிப்படுமா?

எங்கள் பழைய போதகருக்கு நாட்குறிப்பும் கிடையாது, கணக்கும் வராது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த இரவு, யாரும் சொல்லியனுப்பாமலே சைக்கிளில் வந்து, விடியும்வரை வராந்தாத் தரையில் உட்கார்ந்திருந்தார். நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிறான் என்கிறது யோவான் 10. இங்குள்ளவரின் வாயில் என் பெயர் இன்னும் நுழையவில்லை. அவரோ எங்கள் வீட்டு நாயைக்கூடப் பேர்சொல்லித்தான் அதட்டுவார்.