ஆய்வக நாட்குறிப்பு: ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சும் ஆல்கலாய்டுகளும்

ஜூன் 3

உறைபெட்டியிலிருந்து கடற்பஞ்சை இன்று எடுத்தோம். அஜெலாஸ் பேரினம், அடர்ந்த ஆரஞ்சு நிறம். உறையவைத்து உலர்த்திய பிறகும் நிறம் மங்கவில்லை. பொடித்து மெத்தனாலில் போட்ட சிறிது நேரத்தில் கரைப்பான் கடுந்தேநீர் போல ஆகிவிட்டது. இரவு முழுக்க ஊறட்டும்.

இந்த உயிரை நினைத்தாலே எனக்கு வியப்புதான். ஓட முடியாது, கடிக்க முடியாது, உடம்பைக் காக்கக் கெட்டியான மேலோடு கூடக் கிடையாது. பாறையில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கடல்நீரை வடிகட்டித் தின்கிறது. சுற்றிலும் மீன்கள் மேய்கின்றன. ஆனாலும் பல இனங்களை அவை தொடுவதில்லை. உடம்பில் அது சேர்த்துவைத்திருக்கும் வேதிப்பொருள்கள்தான் அதற்குப் பெரிய காரணம். அவற்றில் ஆல்கலாய்டு எனப்படும் நைட்ரஜன் கொண்ட பொருள்களைத்தான் நாங்கள் தேடுகிறோம்.

ஜூன் 5

வடிகட்டி, ரோட்டரி எவாப்பரேட்டர் என்ற சுழலும் ஆவியாக்கியில் வைத்து மெத்தனாலை ஆவியாக்கி விரட்டினோம். தொட்டியின் சூடு 40 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். சாறு நுரைத்து மேலே வந்துகொண்டே இருந்ததால் வெற்றிடத்தை மெல்ல மெல்லத்தான் கூட்ட முடிந்தது. அப்புறம் மிஞ்சியதைத் தண்ணீரில் கரைத்து ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், பியூட்டனால் என்ற மூன்று கரைப்பான்களால் வரிசையாகப் பிரித்தோம்.

மூன்று அடுக்கிலிருந்தும் டிஎல்சி தட்டில் (கலவையைப் பிரித்துக் காட்டும் மெல்லிய பூச்சுத் தட்டு) ஒவ்வொரு பொட்டு வைத்து, ஆல்கலாய்டு பட்டால் ஆரஞ்சாகும் டிராகன்டார்ஃப் கரைசலைத் தெளித்தேன். ஹெக்சேனில் ஒன்றுமில்லை. எத்தில் அசிட்டேட்டில் லேசான சாயல். பியூட்டனாலில் மஞ்சள் பின்னணி மேல் பளிச்சென்று ஆரஞ்சுப் புள்ளி. ஆல்கலாய்டு இருப்பதற்கான முதல் அடையாளம் அதுதான்.

ஜூன் 7

நாள் முழுக்க காலம் (column) வேலை, அதாவது பியூட்டனால் சாற்றை நீண்ட குழாய் வழியே இறக்கிப் பொருள்களைத் தனித்தனியாகப் பிரிப்பது. சொல்ல வேறெதுவும் இல்லை.

ஜூன் 10

மாஸ், அதாவது மூலக்கூறின் நிறையை அளக்கும் சோதனையின் முடிவு வந்துவிட்டது. 388, 390, 392 என்று மூன்று சிகரங்கள், உயரம் ஏறத்தாழ 1:2:1. இயற்கையில் புரோமினின் பாதி 79, பாதி 81 நிறை கொண்டது. அதனால் மூலக்கூறில் இரண்டு புரோமின் இருந்தால் இப்படித்தான் விழும். அஜெலாஸ், இரண்டு புரோமின், 388. ஓராய்டின் என்ற ஆல்கலாய்டுதான் என்று பார்த்தவுடனே தோன்றியது.

கூட வேலை செய்யும் தம்பிக்கு முகம் வாடிவிட்டது. “தெரிஞ்ச பொருள்தானே அக்கா?” என்றான். தெரிந்த பொருள்தான். 1971-ல் அஜெலாஸ் ஓராய்டெஸ் என்ற இனத்திலிருந்து பிரித்தெடுத்தார்கள். முதலில் எழுதிய கட்டமைப்பை 1973-ல் திருத்தினார்கள். ஆனால் தெரிந்த பொருள் என்பதால் அதை ஓரமாக வைத்துவிடுவதை நான் ஏற்கவே மாட்டேன். கரீபியன் அஜெலாஸ் இனங்களை வைத்து நடத்திய சோதனைகளில், ஓராய்டின் கலந்த உணவுத் துண்டை மீன்கள் வாயில் வாங்கியதும் துப்பிவிட்டன. பாக்டீரியா ஒன்றாகத் திரண்டு படலமாகப் படிவதைத் தடுக்க இதே கட்டமைப்பிலிருந்து புதிய சேர்மங்களையும் உருவாக்கியிருக்கிறார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் புரோமைடு சுமார் 65 மில்லிகிராம்தான், குளோரைடோ 19 கிராமுக்கு மேல். அப்படியிருந்தும் இந்த மூலக்கூறில் ஏறி உட்கார்ந்திருப்பது புரோமின். இது எனக்குச் சலிக்கவே சலிக்காத விஷயம்.

ஜூன் 12

என்எம்ஆர், அதாவது மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் காந்தச் சோதனை, உறுதி செய்தது. பிர்ரோல் என்ற நைட்ரஜன் வளையத்தின் என்ஹெச் சிகரம் 12 பிபிஎம்-க்கு மேல் தனியாக நிற்கிறது. இரட்டைப் பிணைப்பில் உள்ள இரு ஹைட்ரஜனுக்கும் இடையே 16 ஹெர்ட்ஸ், அதாவது இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ் அமைப்பு. சரி, ஓராய்டினேதான்.

ஜூன் 16

மதியம் பேச்சு, பஞ்சிலிருந்து கிடைக்கும் பொருளின் அளவைப் பற்றி வந்தது. மருந்தாகும் என்று தெரிந்தால் இன்னும் நிறைய பஞ்சு அள்ளி வரலாமே என்று ஒருவர் சொன்னார். எனக்குக் கோபமே வந்தது. ஹாலிகாண்ட்ரின் பி என்ற கடற்பஞ்சுப் பொருள் ஆல்கலாய்டு அல்ல, ஆனாலும் அதன் கதையை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1986-ல் ஜப்பானில் 600 கிலோ கடற்பஞ்சிலிருந்து கிடைத்தது 12.5 மில்லிகிராம். பஞ்சை அள்ளி அள்ளி அது மருந்தாகவில்லை. அதன் பாதி அமைப்பை ஒட்டி ஆய்வகத்தில் கட்டிய எரிபுலின்தான் 2010-ல் மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

மன்சமின் ஏ என்ற ஆல்கலாய்டு இன்னொரு வழியைக் காட்டுகிறது. அதுவும் 1986-தான், ஒகினாவா கடற்பஞ்சிலிருந்து ஹிகா என்ற வேதியியலாளரின் குழுவினர் எடுத்தார்கள். எலிகளில் மலேரியா ஒட்டுண்ணியை அடக்கும் என்று 2000-ல் வெளிவந்தது. பிறகு மன்சமின் தரும் ஒரு கடற்பஞ்சுக்குள் வாழும் மைக்ரோமோனோஸ்போரா பாக்டீரியாவை வளர்த்தபோது, அந்தப் பாக்டீரியாவே மன்சமினைத் தயாரிப்பதாகக் கண்டார்கள். எல்லாக் கடற்பஞ்சிலும் இப்படித்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் யார் தயாரிக்கிறார்கள் என்று கேட்காமல் பாறையைச் சுரண்டக் கூடாது.

ஜூன் 19

காலம் குழாயில் ஓராய்டினுக்குப் பிறகு இறங்கிய சிறிய பகுதியை இன்று மாஸில் செலுத்தினோம். 619, 621, 623. கூடவே 310, 311, 312. இரண்டாவது தொகுப்பில் சிகரங்களுக்கிடையே இரண்டுக்குப் பதில் ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம் என்பதால், அதே மூலக்கூறு இரண்டு மின்னேற்றத்தோடு பறக்கிறது என்று தெரிகிறது. செப்ட்ரின் என்ற ஆல்கலாய்டாக இருக்க வேண்டும். ஓராய்டினின் உறவுக்காரர்களான இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து, நடுவில் நான்கு கார்பன் வளையம் கட்டிக்கொண்ட பொருள். தம்பியே முதலில் கண்டுபிடித்துச் சொன்னான். என்எம்ஆர் நேரமும் அவனே வாங்கிவிட்டான்.

மிச்சமுள்ள பஞ்சை இனி கரைக்கப்போவதில்லை. உள்ளே இருக்கும் பாக்டீரியாக்களின் டிஎன்ஏவைப் பார்ப்பதற்காகச் சிறு துண்டுகளாக்கி, பெயர் ஒட்டி, மைனஸ் 80-ல் வைத்துவிட்டோம்.