இடது தோள்

ஜூலை 4

ஆழ்வார்பேட்டை ஓவிய வகுப்பு. இன்று மாடலாக நின்றவர் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர். ஒரு நிலைக்கு இரண்டே நிமிடம். வழக்கம்போல் முகத்தில் ஆரம்பித்தேன். "முகத்தை விடும்மா. எந்தக் கால்ல வெயிட் நிக்குதுன்னு பாரு" என்றார் சார். வலது காலில். அந்தப் பக்க இடுப்பு மேலே ஏறியிருந்தது. தோள் கீழே இறங்கியிருந்தது. சும்மா நிற்கிற மனிதரிடம் நேர்கோடு ஒன்றுகூட இல்லை!

என் கதை வேறு. முதுகெலும்பு லேசாக வளைந்ததில் இடது தோள் எப்போதும் ஒரு விரல் தாழ்ந்தே இருக்கும். ரெடிமேட் குர்தா அந்தப் பக்கம் சரியும். பள்ளி நாளிலிருந்து துப்பட்டா அந்தத் தோளில்தான்.

ஜூலை 9

எழும்பூர் மியூசியம். (வெள்ளிக்கிழமை விடுமுறை. வரையப் போகிறவர்கள் கவனிக்க.) வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரி, 11ஆம் நூற்றாண்டுச் சோழர் வேலை. பாதி ஆண், பாதி பெண் என்று சொல்லிவிட்டு ஆட்கள் நகர்ந்துவிடுகிறார்கள். தைக்கிறவள் கண் உடையில்தான் நிற்கும். வலப்பக்கம் துணி தொடையோடு நின்றுவிடுகிறது. இடப்பக்கம் கணுக்காலை நோக்கி இறங்குகிறது. வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒன்று. ஆனாலும் எங்கேயும் ஒட்டுப்போட்ட மாதிரி இல்லை. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்த இடத்தில் உலோகம் ஊற்றுகிற முறை. துணி மடிப்பும் இடுப்பும் ஒரே மெழுகில் பிறந்தவை. பக்கத்துக்கு ஒரு விதமாக இருப்பதை யாரும் அங்கே மறைக்கப் பார்க்கவில்லை.

நோட்டில் இடுப்பு மட்டும் தேறியது. கைகள் படுமோசம்.

ஜூலை 10

மழை. வரையவில்லை.

ஜூலை 16

பாந்தியன் சாலையில் காடா துணி வாங்கிக்கொண்டு எங்கள் தையல் கடைக்குப் போனேன், எனக்கே ஒரு குர்தா வெட்டிப் பார்க்க. "மாஸ்டர், இதை மடிக்காம வெட்டணும்."

துணியை இரண்டாக மடித்து, பாதிக்கு மட்டும் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரே வெட்டு. எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம், நேரம் மிச்சம். உடம்பின் இரண்டு பாதியும் ஒன்றேதான் என்று அந்த மடிப்பு முதலிலேயே முடிவு செய்துவிடுகிறது.

"ஷோல்டர் பேட் வெச்சா தெரியாது பாப்பா."

"தெரியட்டும் மாஸ்டர்."

முணுமுணுத்துக்கொண்டேதான் குண்டூசியை எடுத்தார். என் மேலேயே துணியைப் போட்டு, இடது தோளின் சரிவைக் கூட்டினோம். அதே அளவுக்கு அந்தப் பக்க ஆர்ம்ஹோலையும் (கையை இணைக்கிற வளைவு) அடியில் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் அக்குளைப் பிடிக்கும். இதை நான் சொல்வதற்கு முன்பே மாஸ்டர் சொல்லிவிட்டார். தெரிந்துகொண்டுதான் இத்தனை வருஷம் பேட் வைத்திருக்கிறார் மனிதர்!

ஜூலை 18

கிராஸ் கட்டிங் போடலாமா என்று யோசித்தேன். பாரிஸில் மாதலேன் வியோனே என்ற டிசைனர் 1920களில் அதில்தான் பேர் வாங்கினார். சின்ன மரப் பொம்மையில் துணியைப் போர்த்திப் பார்த்தே வடிவமைப்பாராம். துணியை 45 டிகிரி திருப்பினால் ஊடும் பாவும் நெகிழ்ந்து உடம்போடு போகும். ஆனால் தோளில் நாளாக நாளாக இழுபடும். நேர் துணியே போதும்.

ஜூலை 23

துப்பட்டா இல்லாமல் வகுப்புக்குப் போனேன். மாடல் வரவில்லை. "யாராவது நில்லுங்க" என்றார் சார். நான் எழுந்தேன். கல்லூரிப் பையன் ஒருவன் என் இரண்டு தோளையும் சமமாகப் போட்டு சாரிடம் திட்டு வாங்கினான்.

ராத்திரி மாஸ்டர் போன். மார்பில் ஆபரேஷன் செய்துகொண்ட அக்கா ஒருவர் பிளவுஸ் தைக்கக் கேட்டிருக்கிறாராம். "அவங்களுக்கும் மடிக்காம வெட்டிடலாமா? நாளைக்கு அளவெடுக்க நீ வா. மிச்சக் காடா இருந்தா கொண்டு வா. கூலி கொஞ்சம் ஏத்தணும், அதையும் நீயே சொல்லிடு."