நிறுத்தும் நேரம்

டி.என்.ஏ. துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் படத்தில், வரக்கூடாத இடத்தில் ஒரு பட்டை தெரிந்தது. குறிவைத்த மரபணுவை, டி.என்.ஏ.வை வெட்டும் புரதமான காஸ்9 சரியாகவே வெட்டியிருந்தது. ஆனால் ஏறக்குறைய அதே எழுத்து வரிசை கொண்ட இன்னொரு மரபணுவிலும் கைவைத்திருந்தது. நான் மரபணுத் திருத்த ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருடம் அது.

வெட்ட வைப்பது எப்படி என்று கற்றுக்கொண்டிருந்தேன். நிறுத்துவது எப்படி என்று யாரிடமும் கேட்டதில்லை. வேலை முடிந்ததும் காஸ்9 தானாக ஓய்ந்துவிடாது. செல்லுக்குள் இருக்கும்வரை, எங்கே வெட்டுவது என்று அதற்குக் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வோடு அரைகுறையாகப் பொருந்தும் இடங்களையும் விட்டுவைக்காது.

இதற்கு வழி ஒரு பழைய சண்டையில் இருந்தது. காஸ்9 இடம்பெறும் கிரிஸ்பர் என்பதே வைரஸ்களை வெட்ட பாக்டீரியா வைத்திருக்கும் ஆயுதம். அதை முடக்கும் சிறு புரதங்கள், பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களிடம் இருப்பதை டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஜோ பாண்டி-டெனோமி, ஆலன் டேவிட்சன் குழுவினர் 2013-இல் வெளியிட்டார்கள். 2017-இல், லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்குள் பதுங்கியிருந்த ஃபேஜ்களிலிருந்து காஸ்9-ஐத் தடுக்கும் ஏசிஆர்-ஐஐஏ4 என்ற புரதம் கிடைத்தது. அதில் வெறும் 87 அமினோ அமிலங்கள், காஸ்9-இல் 1368. டி.என்.ஏ. வந்து உட்கார வேண்டிய இடத்தில் இந்தச் சின்னப் புரதம் முந்திப்போய் உட்கார்ந்துகொள்கிறது. எத்தனை முறை அந்த அமைப்புப் படத்தைப் பார்த்தாலும் எனக்கு வியப்புத்தான்.

முதல் முயற்சியில் காஸ்9-ஐயும் இந்தத் தடுப்பானையும் ஒன்றாகவே செல்லுக்குள் அனுப்பினேன். எங்குமே வெட்டு விழவில்லை. ஒரு வாரம் வீண். ஜெல்லைப் பார்த்த மூத்த ஆய்வாளர், "புரதம் நல்லாத்தான் வேலை செய்யுது. நீங்கதான் சீக்கிரம் போட்டுட்டீங்க" என்றார்.

அப்புறம்தான் புரிந்தது. சரியான இடத்தில் வழிகாட்டி முழுதாகப் பொருந்துவதால் வெட்டு பெரும்பாலும் சீக்கிரமே விழுந்துவிடும். தவறான இடங்களில் அது தாமதமாகவே சேரும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அடுத்த முறை காஸ்9 போய் ஆறு மணி நேரம் கழித்துத் தடுப்பானை அனுப்பினேன். வேண்டிய பட்டை இருந்தது, வேண்டாதது மங்கியிருந்தது.

சரி, செல் வளர்க்கும் பிளேட்டில் நேரம் பார்த்து ஊற்றலாம், உடலுக்குள்? கல்லீரலில் மட்டும் நிறைந்திருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. (புரதம் உருவாவதை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ.) ஒன்றை வைத்து, அங்கே மட்டும் தடுப்பான் உருவாகாதபடி சில குழுக்கள் 2019-இல் செய்து காட்டின. கல்லீரலில் திருத்தம் நடக்கும், மற்ற இடங்களில் தடுப்பான் காவல் நிற்கும். இப்போது என் மேசையில் இருப்பது அந்த வடிவமைப்புதான்.