அங்கே தமிழ்தானே!

பாளையங்கோட்டையிலிருந்து கிறிஸ்தவ ஊழியத்துக்குப் புறப்படும்போது என் வீட்டுக்காரருக்கு 66 வயது, எனக்கு 62. வடநாடு என்றால் இந்தி படிக்க வேண்டும். இலங்கையில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம் என்றதும், "அங்கே தமிழ்தானே!" என்று துணிந்து மூட்டை கட்டினோம். அந்தத் துணிச்சல்தான் எங்களைப் படுத்தி எடுத்தது.

வந்த மூன்றாம் வாரம். பக்கத்து லயத்துப் பெண் வாடிய முகத்தோடு வந்தாள். லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். என்னவென்று இவர் விசாரித்தார். "இன்றைக்கு அரைப் பேர்தான் ஐயா" என்றாள். சபைப் பதிவேட்டில் அவள் பெயரை யாரோ பாதியில் விட்டுவிட்டார்கள் என்று நினைத்த இவர், "கவலைப்படாதே, நான் முழுப் பேரையும் எழுதிவிடுகிறேன்" என்றார். அவள் சிரித்த சிரிப்பில் முதுகுக் கூடை குலுங்கியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினாள். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைப் பேர். அன்று முழுக்க மழையில் நின்றிருக்கிறாள்.

முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்த மனிதர், மறுநாளே ஒரு கொப்பி வாங்கினார். பெரட்டு, கவ்வாத்து, பணியக் கணக்கு, காம்பரா, இஸ்தோப்பு என்று தோட்டத்துச் சொற்களை எழுதி எழுதிப் படித்தார். நோட்டு என்று கேட்டால் கடைக்காரர் ரூபாய் நோட்டைத் தேடுவார் என்பதால்தான் 'கொப்பி' என்கிறேன். அதுவும் இங்கே படித்ததுதான்.

மாலை ஆறு மணி ஜெபக்கூட்டத்துக்கு ஒரு மாதமாக இரண்டு கிழவிகள் மட்டும் வந்தார்கள். எங்களுக்கு வருத்தம், மற்றவர்களுக்கு விசுவாசம் போதாது என்றுகூடப் பேசிக்கொண்டோம். கொழுந்து நிறுத்துவிட்டு, விறகு சுமந்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ராச்சோறு ஆக்கும் நேரம் அது என்று அந்தக் கிழவிகளில் ஒருவர்தான் சொன்னார். கூட்டத்தை ஞாயிறு மத்தியானத்துக்கு மாற்றினோம். இங்கே தோட்டத் தொழிலாளருக்கென்று 1854இலேயே மிஷன் தொடங்கியிருக்கிறார்கள். பெயர்: தமிழ்க் கூலி மிஷன். அந்தப் பெயரை இன்று வாசித்தாலும் எனக்குச் சுருக்கென்கிறது. எங்கள் நெல்லைச் சீமையிலிருந்தே அந்தக் காலத்தில் உபதேசியார்கள் வந்திருக்கிறார்கள். அவர்களும் ஆறு மணிக்குத்தான் கூட்டம் வைத்தார்களோ என்னவோ!

உடம்பு பழகுவதற்கு மனதைவிட நாளானது. மே மாதம் பிடித்த மழை செப்டம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்தது. துணி காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டி உலர்த்தினோம். இவருடைய வெள்ளைச் சட்டையில் ஞாயிற்றுக்கிழமையும் விறகுப் புகை வாசம். வேதாகமத்தின் தோல் அட்டையில் பூஞ்சணம். அட்டைப்பூச்சி சேலைக் கரை வழியாக ஏறினால் தெரியவே தெரியாது, ரத்தம் வழியும்போதுதான் தெரியும். காலில் சவர்க்காரம் தடவிக்கொண்டு நடக்கப் பழகினேன். லயத்துக்கு லயம் படிக்கட்டு, என் மூட்டுக்கு அது தனி ஊழியம்.

விசாவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பத்தரமுல்லைக்குப் போகும் அந்த ஒரு நாளில்தான் நாங்கள் வெளிநாட்டுக்காரர்கள் என்பது முழுதாக உறைக்கிறது. சிங்களத்தில் எனக்கு இதுவரை விலை கேட்கவும், பஸ்ஸில் "பஹினவா" என்று சொல்லி இறங்கவும் வரும்.

கூட்டத்துக்கு வந்த கிழவிகளில் மற்றவர், சாயத்தண்ணியையும் (பால் இல்லாத தேநீர்) உள்ளங்கையில் கொஞ்சம் சீனியையும் கொடுத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "கோத்தகிரியில் என் தங்கச்சியைப் பார்த்தீர்களா அம்மா?" 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், இங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. அந்தக் கணக்கில் தங்கை கப்பலேறியிருக்கிறாள்; அக்காவுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்திருக்கிறது. கோத்தகிரி எங்கள் ஊரிலிருந்து ஓர் இரவுப் பயணம் என்றேன்.

"ஒரே இந்தியாதானே அம்மா?" என்றார்.

எனக்குச் சிரிக்க வாய் வரவில்லை. இவர் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தங்கையின் பெயர், புருஷன் பெயர், கப்பலேறிய வருடம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இந்த முறை விடுமுறைக்குப் போகும்போது கோத்தகிரிக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்கிறார். அங்கேயும் படிக்கட்டுகள் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை.